மழைமானியைப் பார்க்க எம்மில் ஒருவர்

சாதாரண தரப் பெறுபேறு வந்தால் தோட்டத்து வீடுகளில் ஒரே கேள்விதான். பிள்ளை அடுத்து எங்கே? கொழும்புக் கடைக்கா, ஆடைத் தொழிற்சாலைக்கா, உயர்தரத்துக்கா? உயர்தரம் என்றாலும் கலைப்பிரிவுதான். "விஞ்ஞானம், கணிதமெல்லாம் நமக்குச் சரிவராது" என்று பிள்ளை வாய்திறக்கும் முன்னரே பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

லயன் சுவர்களில் நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் நாம் தினமும் ஏறி இறங்கும் மலையிலேயே விஞ்ஞானியின் உழைப்பும் பொறியியலாளரின் உழைப்பும் கிடக்கின்றன. அதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் மின்சாரமாகும் நிலையத்துக்கு விமலசுரேந்திர என்று பெயர். டி.ஜே. விமலசுரேந்திர காலியில் 1874இல் பிறந்த பொறியியலாளர். இந்த மலைகளில் வீணாக விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். 32 வருடம் அந்த மனிதர் பொறுத்திருந்தார். (அதற்குப் பிறகும் கம்பி எமது தலைக்கு மேலே போக, லயனில் குப்பி லாம்பு எரிந்த கதை வேறு.)

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தை எமது ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். 1930களின் நடுவில் இலைசுருட்டிப் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். குளவி என்றாலே எமக்கு நடுக்கம். இது ஆளைக் கொட்டும் குளவி அல்ல, புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது. மருந்தடிக்காமலே வேலை நடந்தது. எந்த மலையில் கொழுந்து முதலில் கொப்புளம் போடும் என்று எமது அம்மாமாரைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். விஞ்ஞானியும் அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் தொடங்குகிறார். அந்தக் கண் எமது பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது.

இது வெறும் பெருமைக்காகச் சொல்லும் பேச்சல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயனில் இருந்தார்கள். மாற்றுக் காணி கொடுக்காதவர்களின் பொறுப்பை நாம் ஒருபோதும் தள்ளுபடி செய்ய மாட்டோம். ஆனால் அந்த அறிக்கையைப் படித்து, பிரட்டுக்களத்தில் எமது பேச்சிலேயே விளக்கி, துரையிடம் மேசையில் தட்டிக் கேட்க எம்மிலிருந்தே ஒரு புவியியலாளர் இருந்திருந்தால்?

24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினால் வெளியேற வேண்டும். இந்த மூன்று எண்களையும் இன்றே லயனில் எழுதி ஒட்டுங்கள். மழைமானியைத் தினமும் பார்த்துக் குறிக்கும் வேலையை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணிதப் பிரிவு, ஆய்வுகூடம், ஆசிரியர். சம்பளத்தோடு சேர்த்து இதையும் நாம் கேட்கிறோம். மலையகத்திலிருந்து போன பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு மாலைபோட அரசியல்வாதியைத் தேடும் பாடசாலைகள் இம்முறை அவர்களில் ஒருவரை அழைக்கட்டும்.

விஞ்ஞானப் பிரிவில் படிக்க விரும்பியும் இடமில்லாமல் நிற்கும் பிள்ளைகளின் பெயர்களைத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவரவும்.