எங்களுக்கும் தெரிய வேண்டும்: திருப்பூர் ஜாப் ஒர்க் அலகுகளின் கோரிக்கைச் சாசனம்

ஏற்றுமதி நிறுவனங்களுக்கும், மத்திய மாநில அரசுகளுக்கும், மென்பொருள் விற்போருக்கும்:

ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று ஊரையே சுற்றி வருகிறது. இதில் பெரும்பகுதியைக் கூலிக்குச் செய்பவர்கள் நாங்கள். கம்ப்யூட்டருக்கு மாறுங்கள் என்று எங்களிடம் சொல்லாதவர் இல்லை. மாறத்தான் செய்கிறோம். எத்தனை பீஸ் முடிந்தது என்பதை அன்றன்றைக்கு ஏற்றுமதியாளரின் செயலியில் ஏற்றுகிறோம். ஆனால் எங்கள் பில் பாஸ் ஆனதா, அடுத்த லாட் எப்போது வரும், கூலியில் டெபிட் (பிடித்தம்) எதற்காக விழுந்தது என்பதெல்லாம் அதில் எங்களுக்குத் தெரிவதில்லை. மெர்ச்சன்டைசருக்குப் போன் போட வேண்டும். அவர் எடுத்தால் உண்டு.

எனவே கேட்கிறோம்.

1. சரக்கோடு போகும் சலானுக்கு ஒரே வடிவம். ஐந்து கம்பெனிக்கு வேலை செய்யும் அலகு லாட் எண், ரோல், எடை, டயா, ஜிஎஸ்எம் விவரங்களை ஐந்து மென்பொருளில் ஐந்து விதமாக அடிக்கிறது. மின் விலைப்பட்டியலுக்கு நாடு முழுக்க ஒரே வடிவம் வந்துவிட்டது. 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அது 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமும் ஆயிற்று. சலானுக்கும் அதைச் செய்யுங்கள். ரோலில் ஒட்டிய க்யூஆர் குறியை அடுத்த அலகு ஸ்கேன் செய்தால் போதும் என்றாக வேண்டும். டையிங்கில் குறைந்த எடைக்கு நிட்டிங்காரர் மேல் டெபிட் போடும் வழக்கமும் அதோடு ஒழியும்.

2. சட்டத்திலுள்ள நாள் கணக்கு செயலியிலும் ஓட வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கைக் கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஒப்பந்தம் எப்படியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. தாமதத்துக்கு வட்டியும் உண்டு. ஆனால் வட்டி கேட்டவருக்கு அடுத்த லாட் வராது. இது ஊரறிந்த கணக்கு. அதனால் ஆளைக் கேட்க வைக்காமல் மென்பொருளே கேட்கட்டும்: குறையிருந்தால் படத்தோடு 15 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் பில் தானாகப் பாஸ் ஆக வேண்டும். ஷிப்மென்ட் முடிந்து பல மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டை அந்தச் செயலி வாங்கவே கூடாது.

3. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், பில்லைக் காட்டி நாங்கள் முன்கூட்டியே பணம் பெறக்கூடிய டிரெட்ஸ் தளத்தில் சேருவது கட்டாயம். பில்லை அங்கே ஏற்பது கட்டாயமில்லை. கதவு இருந்து என்ன பயன், தாழ்ப்பாள் அவர்கள் பக்கம் இருக்கிறது! பாஸான பில்லை அங்கே ஏற்பதையும் கட்டாயமாக்குங்கள்.

4. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி துணிகளுக்கும், எதனால் ஆனது என்று சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. நூல், சாயம் பற்றிய விவரங்களை எங்களிடம்தான் கேட்பார்கள். தருகிறோம். அந்த வேலைக்குத் தனிக் கூலி வேண்டும். எங்கள் மற்ற வாடிக்கையாளர் யார், அவர்களிடம் என்ன ரேட் என்பதைக் கேட்கக் கூடாது.

5. மென்பொருள் தமிழில், போனில், நெட் இல்லாதபோதும் ஓட வேண்டும். சந்தாவை நிறுத்தினாலும் எங்கள் கணக்கு எங்கள் கைக்கு வர வேண்டும்.

நிட்டிங் சலானில் தொடங்கலாம், அதுதான் எளிது. வடிவத்தை முடிவு செய்யும் குழுவில் பாதி இடம் எங்களுக்கு வேண்டும். கூட்டத்தைச் சனிக்கிழமை வைக்காதீர்கள், அன்று சம்பள நாள்.