நூறு கிராமும் ஓர் அமானிதமும்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல்நாள் மூவரை வென்று, 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற வினேஷ் போகாட், மறுநாட் காலையில் எடை 100 கிராம் கூடியிருந்தது என்று விலக்கப்பட்டார். இரவெல்லாம் உண்ணாமலும் பருகாமலும் வியர்வை வடித்து, தலைமுடியைக் கத்தரித்தும் பயனில்லை. அவர் முன்பு 53 கிலோ பிரிவில் களமிறங்கியவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

அவருக்கு மருத்துவர் குழுவே துணையிருந்தது. வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்திலிருந்து எடைப் பிரிவு வகுத்த கபடிப் போட்டிக்குப் புறப்படும் நம் பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் துணை யார்? கந்தக பூமியின் வெயிலில் தண்ணீரை நிறுத்திவிட்டு ஓடுவது விளையாட்டன்று. 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் இவ்வாறு உடல்நீரை வடித்தே உயிர் துறந்தனர். அதன் பின்னரே அங்கு விதிகள் கடுமையாயின.

உடல் வலிமையை மார்க்கம் வெறுக்கவில்லை. வலிமையுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு அதிக உவப்பானவர் என்பது நபிமொழியின் கருத்து. உஹதுப் போருக்குப் புறப்படுகையில் நாயகம் (ஸல்) அவர்கள் இளஞ்சிறார்களைத் திருப்பி அனுப்பினார்கள். பதினான்கு வயது இப்னு உமர் (ரலி) அவர்களும் அவ்வாறு திரும்பியவரே. மறுமுறை பதினைந்தாம் வயதில் அகழ்ப்போருக்கு அனுமதி பெற்றார்கள். ஆர்வம் மட்டும் போதாது, உடல் முதிர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நவின்றவர்களும் அந்த நாயகமே.

பளு தூக்கினால் பிள்ளை வளரமாட்டான் என்று பெரியவர்கள் அச்சுறுத்துவர். இதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை. தண்டால், பஸ்கியில் தொடங்கி, தெரிந்தவர் மேற்பார்வையில், முறை பிசகாமல், வாரம் இரண்டு மூன்று நாள் இலேசான பளுவுடன் பழகினால் தசையும் எலும்பும் உறுதிப்படும். தீங்கு வேறிடத்தில் இருக்கிறது: தன்னால் இயன்ற உச்சப் பளுவைத் தோழர் முன் தூக்கிக் காட்டும் வீம்பிலும், உள்ளடக்கம் அறியாத மாவு டப்பாக்களிலும். நம் கரிசல் நிலம் தரும் கடலையும் கம்பும் பாசிப்பயறும், முட்டையும் மீனும் இருக்க, அந்த டப்பாவுக்குத் தகப்பனாரின் கூலி ஏன் கரைய வேண்டும்?

வளரும் பருவத்தில் எடை கூடுவது இயல்பு. அதை ஒரே எண்ணில் நிறுத்தி வைக்க முயல்வது வளர்ச்சியையே தடுப்பதாகும். விளையாடும் பெண்மக்களுக்கு உணவு குறைந்து மாதவிலக்கு நின்றுபோனால், தாய்மார்கள் அதைப் பயிற்சியின் பயன் என்று எண்ணிவிடக் கூடாது. எலும்பு நலிவதன் முன்னறிவிப்பு அது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று. எடைக்காகப் பட்டினி கிடந்துவிட்டு, கேட்டால் நோன்பு என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கலாம். நிய்யத்து தராசை நோக்கியிருக்க, நாவு நோன்பைச் சொல்வது தகாது. போட்டிக்கு முதல்நாள் எடையைக் கரைத்தால்தான் இடம் என்றால், பிள்ளை அடுத்த எடைப் பிரிவில் இறங்கட்டும். பயிற்றுநர் இணங்காவிடில், தகப்பனார் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நேரில் சென்று சொல்லிவிட்டு வரட்டும்.