காத்திருப்புக்கும் ஒரு கெடு வேண்டும்



கணவர் முன்னே செல்வார். இடம் அமைந்ததும் மனைவி மக்களை அழைத்துக்கொள்வார். சேலம், நாமக்கல் பகுதி இல்லங்களிலிருந்து சிங்கப்பூர் எனும் சிறு தீவுக்குப் புறப்படும் பிள்ளைகளும் இவ்வாறே சொல்லிச் செல்கின்றனர். ஆனால் ‘இடம் அமைவது’ எப்போது?

1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அத்தீவின் இந்தியரில் ஏறத்தாழ ஐந்து ஆடவருக்கு ஒரு பெண்ணே இருந்தார். மற்றப் பெண்கள் ஊரில் காத்திருந்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. 1945 வரை கடல்வழி அடைபட்டுக் கிடந்தது. அதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தவர்கள் எத்தனை பேரோ!

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களோ குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு குடியேறியதால் தனித்து அறியப்பட்டனர். எளிய நெசவாளரான அவர்களால் இயன்றது, திட்டமிட்டால் நமக்கும் இயலும்.

இன்று சாதாரணத் தொழிலாளர் அனுமதியில் செல்பவர் குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள இயலாது. உயர் அனுமதி பெற்றவருக்கும் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி ஊதியம் வேண்டும் என்பது 2018 முதலான நிபந்தனை. இதனை அறியாமலே பலர் ‘அடுத்த ஆண்டு’ என வாக்களிக்கின்றனர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, போர்வீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கக் காலவரம்பு விதித்ததாக அறிவிக்கப்படுகிறது. நாமும் பயணத்துக்கு முன்பே அனுமதியின் வகையைக் கேட்போம், மனைவியின் சம்மதத்தைப் பெறுவோம், கெடுவைக் குறிப்போம். அதற்குள் அமையாவிடில் திரும்பி வருவதும் கண்ணியமே. தந்தையைத் தொலைபேசிக் குரலாக மட்டுமே அறிந்த பிள்ளைகள் நம் மதரஸாக்களில் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.