மேகத்தில் ஒரு பிரதி, கைவசம் ஒரு பிரதி



நம் பள்ளி அலுவலகத்தின் மூலையில் பச்சை வண்ணம் பூசிய இரும்பு அலமாரி ஒன்று நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தடித்த அட்டையிட்ட சேர்க்கைப் பதிவேடுகள் அதனுள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு நாள், எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். எட்டாம் வகுப்பு வரை இங்கே படித்தவர். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவருக்கு வயதுச் சான்று தேவைப்பட்டது. கையிலோ ஒரு தாளும் இல்லை. எழுத்தர் பதிவேடுகளைப் புரட்டினார். அரை மணி நேரத்தில் 1962ஆம் ஆண்டின் பக்கம் கிடைத்தது. பெயர், தந்தையின் பெயர், பிறந்த தேதி எல்லாம் மங்கிய நீல மையில் தெளிவாக இருந்தன. "என் பேரு இன்னும் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டபடியே அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார் அவர்.

அதைக் கண்ட நம் மனத்தில் ஒரு வினா எழுந்தது. இன்று ஆறாம் வகுப்பில் சேரும் சிறுமி, இன்னும் அறுபது ஆண்டுகள் கழித்து இதே வாசலில் வந்து நின்றால் அவளுடைய பெயர் எங்கே இருக்கும்? யாரிடம் இருக்கும்? அதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமும் தேர்வும் கைப்பேசிக்கு மாறின. பள்ளிகள் திறந்த பின்னும் பல காரியங்கள் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், ஆண்டு விழாப் படங்கள், ஆசிரியைகளின் பாடக் குறிப்புகள் என ஒவ்வொன்றாக "கிளவுட்" எனப்படும் மேகச் சேமிப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பள்ளிகளில் மட்டுமன்றிக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதுவே நிலை.

மேகம் என்ற பெயரைக் கேட்டு அது வானத்தில் மிதக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது மண்ணில்தான் இருக்கிறது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான பெரிய கட்டடத்தில், ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை சூடேறாமல் குளிர்விக்கப்படுகின்றன. அவற்றில் நம் கோப்புகளுக்கு ஓரிடம் கிடைக்கிறது. சுருங்கச் சொன்னால், நம் பொருளைப் பிறர் வீட்டு அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை நாம் வைத்திருக்கிறோம். கதவும் சுவரும் அவர்களுடையவை.

இதனால் விளையும் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னை நகரை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் நனைந்து அழிந்தன. மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. அதே 2015இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் மதிப்பெண் சான்றிதழ் இருந்தால், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தாலும் சான்றிதழ் நனையாது. கிராமத்து மாணவி தவறவிட்ட பாடத்தை இரவில் தன் தந்தையின் கைப்பேசியில் படிக்க முடிகிறதென்றால் அதுவும் மேகத்தின் உபகாரமே. காகிதத்தைக் கரையான் அரிக்கும். மேகத்தைக் கரையான் அரிக்காது.

ஆனால், பொருளை ஒப்படைத்ததனால் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டதாகப் பள்ளிகள் எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அதுதான் நம் கவலை.

முதலாவது, இலவசம் என்பது என்றும் இலவசம் அன்று. 2014ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கு அளவற்ற சேமிப்பு இடத்தை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அதை நம்பித் தங்கள் ஆராய்ச்சித் தரவுகளையெல்லாம் அங்கே குவித்தன. 2021இல் அதே நிறுவனம், 2022 ஜூலை முதல் ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைட் மட்டுமே அடிப்படை அளவு என்று சொல்லிவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2023இல் இத்தகைய வரம்பை அறிவித்தது. நம்மைப் போன்ற பள்ளிக்கு 100 டெராபைட் மிகப் பெரிய இடம்தான். ஆனால் 20,000 பேர் பயிலும் பல்கலைக்கழகத்தில் அதைப் பங்கிட்டால் தலைக்கு 5 ஜிகாபைட்டே வரும். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால் குடியிருப்பவர் என்ன செய்வார்? கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்துமன்றோ?

இரண்டாவது, இழப்பு. இதை நாம் பட்டறிந்து எழுதுகிறோம். ஈராண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சிலர், சனிக்கிழமைதோறும் நம் பழைய மாணவியர் எழுவரின் இல்லங்களுக்குச் சென்று, அவர்கள் காலத்துப் பள்ளியைப் பற்றிப் பேசச் செய்து ஒலிப்பதிவு செய்தார்கள். பதிவுகள் யாவும் ஓர் ஆசிரியையின் கணக்கில் மேகத்தில் சேமிக்கப்பட்டன. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். கோடை விடுமுறையில் பயன்படாத கணக்குகளை நீக்கும் வேலை நடந்தபோது அவருடைய கணக்கும் நீக்கப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மலருக்காக அவற்றைத் தேடியபோது மீட்பதற்குரிய கெடு முடிந்திருந்தது.

அறுவரிடம் மீண்டும் சென்று பேசலாம். ஏழாமவர், 1940களில் இங்கே படித்தவர், அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய குரல் இனி யாருக்கும் கிடைக்காது. அன்று உடன் சென்ற ஒரு மாணவி தன் பழைய நோட்டில் பென்சிலால் கிறுக்கி வைத்த நான்கு பக்கங்கள்தாம் மிச்சம். பிழை எந்த நிறுவனத்தினுடையதும் அன்று, நம்முடையது. ஒரே இடத்தில் வைத்தோம். அந்த இடத்தை ஒரே ஒருவரின் பெயரில் வைத்தோம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், மீகணினியின் சேமிப்பகத்துக்குப் பிரதி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், 77 டெராபைட் அளவில், அழிந்தன. 14 ஆராய்ச்சிக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அது வெளியார் மேகமன்று. அப்பல்கலைக்கழகத்தின் சொந்தக் கிடங்கு. ஆகவே சொந்த வீட்டில் வைத்தால் மட்டும் போதும் என்பதும் சரியன்று.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் பல்கலைக்கழக ஊழியர்களுக்கான ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் மேகச் சந்தா, அமைப்பில் நேர்ந்த தவறொன்றால் அடியோடு நீக்கப்பட்டது. 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க இயலாமல் தவித்தார்கள். இரண்டு இடங்களில் நகல் வைக்கப்பட்டிருந்தும், சந்தா ஒன்றே ஆகையால் இரண்டும் சேர்ந்தே போயின. எனினும் அந்நிதியம் தனியாக வேறு பிரதிகளும் எடுத்து வைத்திருந்தது. அவற்றின் துணையால் அது மீண்டெழுந்தது.

இந்தப் பாடம் புதியதா? இல்லவே இல்லை. ஓலைச்சுவடி நிலையாதது. ஏடு சிதையும் முன்னே யாரோ ஒருவர் உட்கார்ந்து மற்றோர் ஏட்டில் படியெடுத்ததனால்தான் நம் இலக்கியங்கள் பிழைத்தன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, ஒரே நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு வீட்டுச் சுவடியில் செல்லரித்த இடம் மற்றொரு வீட்டுச் சுவடியில் நலமாக இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், ஞானஸ்நானம், திருமணம் முதலிய பங்குப் பதிவேடுகளின் உண்மைப் பிரதியை ஆண்டு முடிவில் மறைமாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமெனப் பங்குத்தந்தையரைப் பணித்தது. கோவில் தீப்பற்றினாலும் பதிவு பிழைக்க வேண்டும் என்றால் அதற்கு வேறென்ன வழி? கணிப்பொறிக் காலத்திலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தார், "நிறையப் பிரதிகள் பொருளைக் காக்கும்" என்னும் கருத்தையே பெயராகக் கொண்டு லாக்ஸ் என்ற திட்டத்தை வகுத்தார்கள். மின்னிதழ்களின் பிரதிகளைப் பல நூலகங்கள் தத்தம் இடத்தில் வைத்துக் காப்பதே அத்திட்டத்தின் சாரம்.

மூன்றாவது, அறைக்குள் எட்டிப் பார்ப்பவர் யார்? பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் நிகழும் எல்சினோர் என்னும் ஊர் டென்மார்க்கில் ஹெல்சிங்கர் என வழங்குகிறது. அங்கே ஒரு தந்தை, தம் மகனின் பெயரில் பள்ளி திறந்த கணக்கைப் பற்றி 2019இல் முறையிட்டார். அதன் தொடர்ச்சியாக, பிள்ளைகளின் விவரங்களுக்கு என்ன ஆபத்து நேரலாம் என்பதை நகராட்சி சரிவர ஆராயவில்லை என்று கூறி, அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜூலையில் அவ்வூர்ப் பள்ளிகளில் கூகுள் சேவைக்குத் தடை விதித்தது. பின்னர் அத்தடை தளர்ந்தாலும், 2024இல் 53 நகராட்சிகள் தங்கள் நடைமுறையைத் திருத்த வேண்டும் என உத்தரவாயிற்று. ஒரே ஒரு தந்தை கேட்ட கேள்வி ஒரு நாட்டையே சிந்திக்க வைத்தது.

நம் நாட்டிலும், மத்திய அரசின் திக்ஷா என்னும் கல்விச் செயலியின் தரவுகள் சில, பாதுகாப்பின்றித் திறந்து கிடந்த மேகச் சேமிப்பில் இருந்ததாக 2023 ஜனவரியில் செய்தி வெளிவந்தது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண் முதலியனவும், ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களைப் பற்றிய விவரங்களும் அவற்றில் அடங்கும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வற்புறுத்துகிறது. கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் சட்டம் விலக்களித்தாலும் மனச்சாட்சி விலக்களிக்குமா? நம்மை நம்பிப் பெற்றோர் ஒப்படைத்தது பிள்ளையின் படிப்பை மட்டுமன்று. அவளுடைய பெயரையும் படத்தையும் முகவரியையும் கூட அல்லவா?

"அப்படியானால் மேகமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே சொல்கிறோம். மேகமும் இருக்கட்டும்; கைவசம் ஒரு பிரதியும் இருக்கட்டும். அதற்காகப் பள்ளி நிர்வாகத்தின் முன் பணிவுடன் சில யோசனைகளை வைக்கிறோம்.

சேர்க்கைப் பதிவேட்டை எப்போதும் போல் மையால் எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டாம். மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ் போன்ற இழக்கக் கூடாதவற்றைப் பருவந்தோறும் மேகத்திலிருந்து இறக்கி, இரண்டு வன்தட்டுகளில் பதிய வேண்டும். ஒன்று நம் அலமாரியில் இருக்கட்டும். மற்றொன்று வேறு ஊரிலுள்ள கன்னியர் இல்லத்தில் இருக்கட்டும். ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவு கூட இதற்கு ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை அவற்றைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பாராத பிரதி, இருந்தும் இல்லாததே. முக்கியக் கோப்புகள் தனியொருவர் பெயரில் இராமல் அலுவலகத்தின் பெயரில் இருக்க வேண்டும். பணியிலிருந்து விலகும் ஆசிரியை வகுப்பேட்டை ஒப்படைப்பது போல் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும்.

எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்யுமுன், "நாங்கள் விலகினால் எங்கள் கோப்புகளை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள்? உங்களிடம் உள்ளதை எப்போது அழிப்பீர்கள்?" என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, தேவையற்ற விவரங்களைச் சேர்க்கவே கூடாது. இல்லாத பொருளைத் திருடன் எடுக்க முடியாதல்லவா?

மாணவியரே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. தோழியே ஆனாலும் கடவுச்சொல்லைக் கொடாதீர்கள். கைப்பேசியில் ஒரு கோப்பை நீக்கினால், அதனோடு இணைந்த மேகத்திலும் அது நீங்கிவிடக் கூடும் என்பதை அறிந்திருங்கள். உங்கள் சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் வையுங்கள். அசலை வீட்டில் நனையாத இடத்திலும் வையுங்கள். பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யப் போகும்போது நோட்டும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள்.

அந்த நான்கு பென்சில் பக்கங்களை இம்மலரின் வேறொரு பகுதியில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். பள்ளி முற்றத்தில் அன்றிருந்த கிணற்றைப் பற்றியும், மழை நாளில் மதர் அடுப்பருகே பிள்ளைகளின் பாவாடைகளை உலர்த்திக் கொடுத்ததைப் பற்றியும் அவர் சொன்னவை அவற்றில் இருக்கின்றன. படித்துப் பாருங்கள். இம்மலரை வீட்டில் பத்திரமாக வையுங்கள். உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் மலர் அவற்றிற்கு ஒரு பிரதி.