காவலர் செவியும் பூட்டிய ஏடும்

எமது ஊராகிய மன்னார்குடியில் வேட்டொலி கேளாத மாதம் இல்லை. திருவிழாவுக்கு வேட்டு, கல்யாணத்துக்கு வேட்டு, பிணம் செல்லும் வழியெல்லாம் வேட்டு. கிறிஸ்து பிறந்த இரவில் நம்மவரும் இதில் எவர்க்கும் பின்னிடுவதில்லை. இத்தகைய ஊரில், துப்பாக்கியோசையைக் கேட்டறிந்து போலீசாருக்குச் செய்தி அனுப்பும் யந்திரத்தைக் கூரைதோறும் வைத்தால் என்னாகும்? சென்ற ஈஸ்டர் விடுமுறையில், ஹரித்ராநதிக் கரையில் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவருடன் உரையாடுகையில் எழுந்த வினா இது.

அந்த யந்திரம் கற்பனையன்று. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஷாட்ஸ்பாட்டர் என்னும் பெயரால் அமைக்கப்பட்டது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். ஒரே ஓசை வெவ்வேறிடத்து ஒலிவாங்கிகளை வெவ்வேறு கணத்தில் அடைதலின், அக்கால வேறுபாட்டைக்கொண்டு அது பிறந்த இடத்தைக் கணிக்கலாம். இடங் காண்பது கணிதம். ஓசை துப்பாக்கியினதா, சீனவெடியினதா, மோட்டார் வண்டியின் புகைக்குழாயினதா என்று பகுப்பதே இடர்ப்பாடு. அப்பகுப்பு முறையை வியாபார இரகசியமாகக் காத்த கம்பெனியார், தம் யந்திரம் நூற்றுக்கு 97 பங்கு சரியென்றனர்.

சிக்காகோ நகரத் தணிக்கை அலுவலகம் 2021 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2020 ஜனவரி முதல் 2021 மே முடிய வந்த 50,176 எச்சரிக்கைகளுள், துப்பாக்கிக் குற்றத்தின் தடயம் கிடைத்தவை நூற்றுக்கு 9.1 பங்கே. தடயம் கிட்டாமையால் வெடியே நிகழவில்லை என்று துணிதல் தர்க்கமன்று. சுட்டவன் தோட்டாக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டும் ஓடியிருக்கலாம். ஆயினும், துப்பாக்கியை எதிர்நோக்கி விரையும் காவலர்முன் அகப்படும் வழிப்போக்கனை எண்ணிப் பார்மின். 2024 செப்டம்பரில் அந்நகரம் அதனைக் கைவிட்டது.

அவ்வறிக்கையை யாம் காசின்றிப் படித்தோம். அதுபற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடியபோதோ, பலவற்றின் வாயிலில் முப்பது, நாற்பது டாலர் கேட்டு நின்றது பூட்டு. நண்பர் தம் கல்லூரியின் அனுமதியைக்கொண்டு சிலவற்றை எளிதில் திறந்துவிட்டார்! அவர் பயில்வது அரசினர் கல்லூரி.

காரணம் இது. 2024 நவம்பர் 25-இல் மத்திய மந்திரிசபை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்னும் திட்டத்துக்கு இசைவளித்தது. 2025 முதல் 2027 முடிய மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகத்தார்; ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள். நற்செயலே, மறுப்பாரில்லை. ஆயின் முதற்கட்டம் அரசு நடத்தும் நிலையங்களுக்கே உரியது. வரி செலுத்துங்கால் அந்நண்பர் தந்தைக்கும் எம் தந்தைக்கும் பேதம் இருந்ததாக யாம் அறியோம்.

எம்மைப் பட்டியலிற் சேர்த்துவிட்டால் குறை தீருமோ? தீராது. யந்திரத்தின் சொல்லால் பிடிபட்டவன் எக்கல்லூரி மாணவன்? அவனுக்காக மன்னார்குடி நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல் எந்தப் பட்டியலில் உள்ளார்? மேலும், சந்தா என்பது வாடகை. தவணை முடிந்தால் சாவி உடையவன் கைக்கே மீளும்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிதன்று. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியை அச்சேற்றுமுன், ஏடு வைத்திருந்தவர் இசைந்தாலன்றி அதனைக் கற்றல் அரிது. இக்காலத்திலும் நல்வழி ஒன்று உண்டு: பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதியால், டாக்டர் பட்டத்துக்குரிய ஆராய்ச்சி நூல்கள் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. பொதுப் பணத்தால் விளையும் கட்டுரை யாவற்றுக்கும், போலீசார் வாங்கும் யந்திரங்களின் சோதனை முடிவுகளுக்கும் அவ்விதி ஏன் ஆகாது?

தமிழ்நாட்டுப் போலீசாரிடம் துப்பாக்கியோசை கேட்கும் செவி இல்லாவிடினும், முகத்தைக் கண்டு ஆளை அறியும் கண் உண்டு. அக்கண் நூற்றில் எத்தனை முறை ஆள்மாறிக் காண்கிறது என்று நண்பர் வினவினார். அவருடைய அனுமதிக்கும் அப்பூட்டுத் திறக்கவில்லை.