செவ்வாய்க் குழந்தைக்குப் பூமி தோஷம் உண்டா?

பூமியன்றி வேறு உலகங்களில் உயிர் உண்டோ என்பது பழைய கேள்வி. அதனைக் கேட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்த காலம் போய், விடை தேடிக் கருவிகளை அனுப்புங் காலம் பிறந்து அரை நூற்றாண்டாகிறது. 1976இல் வைக்கிங் என்னும் பெயருடைய இரு கலங்கள் செவ்வாயில் இறங்கி மண்ணைச் சோதித்தன. ஒரு சோதனை உயிர் இருப்பதுபோற் காட்டிற்று. மற்றவை இல்லையெனக் காட்டின. அது மண்ணின் இரசாயன வேலையே என்று விஞ்ஞானிகளிற் பெரும்பாலோர் கொண்டனர். 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்ஸிவரன்ஸ் வண்டி, முற்காலத்தில் ஏரி கிடந்த ஜெஸிரோ பள்ளத்துக்கு நீர் கொணர்ந்த ஆற்றுப் பாதையில், 2024ஆம் ஆண்டு ஒரு பாறையைக் கண்டது. அதன்மீது சிறுத்தைத் தோலிற் காண்பதுபோன்ற புள்ளிகள். அவற்றில் இரும்போடு பாஸ்பேட்டும் கந்தகமும் கூடியிருந்தன. இத்தகைய கூட்டு, பூமியில் நுண்ணுயிர்கள் வாழ்ந்த சேற்றில் உண்டாவதுண்டு, உயிரின்றியும் உண்டாகலாம். 2025 செப்டம்பரில் இவ்வாராய்ச்சியை வெளியிட்டவர்கள் உயிரைக் கண்டுவிட்டோமென்று முரசறையவில்லை. உயிரின் சுவடாக இருக்கக்கூடும், இன்னும் சோதிக்கவேண்டும் என்ற அளவிலே நிறுத்திக்கொண்டார்கள்.

இனி நம்மவரைப் பார்ப்போம். சிராங்கூன் சாலையிலும் செவ்வாயைப்பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே உயிர் உண்டா என்று கேட்பாரில்லை. இங்குள்ள பெண்ணை மணப்பவனின் உயிரை அது வாங்குமா என்றே கேட்கிறார்கள்! பட்டம் பெற்று, பாங்கியில் உத்தியோகம் பார்த்து, பெற்றோரையும் தாங்கிவரும் பெண்ணுக்கு முப்பது வயதாகியும் மணமாகவில்லை. குணத்திற் குறையா? இல்லை. உடலிற் பிணியா? இல்லை. ஏழாம் வீட்டில் செவ்வாயாம். கோடிக்கணக்கான மைல்களுக்கப்பால், துருவேறிய இரும்பின் நிறத்தோடு, நம் பூமியில் பாதிக் குறுக்களவேயுள்ள ஒரு பாலைவனம், தேக்காவில் ஒரு பெண்ணின் கழுத்திற் பார்த்து உட்கார்ந்திருக்கிறதாம்.

நாம் தோட்டத்திற் பெரட்டுக் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி. ஆதலால் இதனைக் கணக்காகவே பார்ப்போம். லக்கினத்துக்கு 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து. ஒரு லக்கினத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அப்படியாயின், எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் இருபத்து நாலு மணியில் பத்து மணி நேரம் பிறக்கும் குழந்தைகளெல்லாம் தோஷக் குழந்தைகளே. தேக்காவுக்கு அடுத்தாற்போல் உள்ள கே. கே. மருத்துவமனையில் 1966 என்னும் ஒரே ஆண்டில் 39,000 குழந்தைகளுக்கு மேற் பிறந்தன. உலக சாதனை என்று அதனைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து என்றால் அவற்றுள் 16,000க்கு மேற்பட்டவை செவ்வாயின் வாயிற் பிறந்தவை. அவற்றிற் பெரும்பாலானவை சீனக் குழந்தைகளும் மலாய்க் குழந்தைகளுமேயாகும். அவர்கள் இன்று அறுபதை எட்டியவர்கள். மணந்து, மக்களைப் பெற்று, பேரரையும் கொஞ்சுகிறார்கள். செவ்வாய் என்ன, பிறப்புச் சீட்டில் இனத்தைப் படித்துப் பார்த்தா பீடிக்கிறது? விதிவிலக்கு உண்டு, பரிகாரம் உண்டு என்பர் ஜோஸியர். உண்டுதான், அவற்றுக்குக் கட்டணமும் உண்டு.

இன்னொன்றும் கேட்கிறோம். மனிதர் செவ்வாயிற் குடியேறுவர் என்று பேசுகிறார்களே, அங்கே ஒரு குழந்தை பிறந்தால் அதற்கு ஜாதகம் எழுதுவது எங்ஙனம்? காலடியிற் கிடக்கும் செவ்வாயை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது? அக்குழந்தையின் வானத்தில் பூமி ஒரு விடிவெள்ளி. அதற்குப் பூமி தோஷம் உண்டா? ராசி சொல்லச் சந்திரன் வேண்டும். அங்கேயோ சந்திரன் இரண்டு. அவற்றுள் போபாஸ் என்பது எட்டு மணி நேரத்துக்குள் கிரகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவது. அதனைக்கொண்டு கணித்தால் 38 நிமிஷத்துக்கு ஒரு ராசி மாறும். மருத்துவச்சி கைகழுவி வருமுன் மேஷம் ரிஷபமாகிவிடும். நவக்கிரகங்களில் பூமிக்கு இடமில்லை. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் இடமில்லை. வேறு சூரியன்களைச் சுற்றுவனவாக 2025க்குள் உறுதிப்பட்ட கிரகங்கள் ஆறாயிரத்தை எட்டிவிட்டன. அவற்றை எந்தப் பீடத்தில் வைத்துச் சுற்றுவார்களோ, அறியோம்.

ஈரேழு பதினான்கு உலகமென்று நம் முன்னோர் அன்றே சொல்லவில்லையா என்று மார்தட்டுவோர் உளர். சொன்னது போதுமா? சோதித்த முன்னோரும் நமக்கு உண்டு, அவரைத்தான் மறந்தோம். சிந்தாமணி ரகுநாதாச்சாரி சென்னை வானாராய்ச்சிக் கூடத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதனைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் நூல் வெளியிட்டவர். பஞ்சாங்கக் கணிதம் வானத்தோடு ஒத்துவரவேண்டுமென்று வாதாடியவரும் அவரே. அவர் பெயரைச் சிராங்கூன் சாலையிற் சொன்னால், எந்தக் கடை முதலாளி என்பார்கள்.

மங்கள்யானை ஏவுமுன் அதன் மாதிரியைத் திருப்பதியில் வைத்து வணங்கினரே என்பாரும் உளர். வணங்கினர்தாம், ஆனால் செவ்வாய் எந்நாளில் எங்கே நிற்கும் என்பதைத் திருப்பதியிற் கேட்டறியவில்லை, நியூட்டன் கணக்கிற் கேட்டறிந்தனர். நற்காரியத்துக்கு ஆகாதென்று நம் வீடுகளில் ஒதுக்கும் செவ்வாய்க்கிழமையிலேயே, 2013 நவம்பர் 5இல், அது புறப்பட்டது. திட்டத்தை நடத்தியவர் திருநெல்வேலிச் சீமையின் சுப்பையா அருணன். மேலிருந்து பார்த்தவர் பொள்ளாச்சிப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை. 2014 செப்டம்பர் 24இல் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றலாயிற்று. உயிர்களாலும் உண்டாகக்கூடிய மீத்தேன் வாயுவை அளக்க ஒரு கருவி வைத்தனர். அக்கருவி அதனை அளக்கத் தகுதிப்படவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. அதனை வேறு வேலைக்குத் திருப்பினர்.

மறுபுறம், வேற்றுலக உயிரென்றாலே வாய்பிளந்து நம்பும் கூட்டமும் நம்மிற் பெருகிவிட்டது. 2001இல் கேரளத்திற் சிவப்பு மழை பெய்தது. கோட்டயத்து அறிஞர் இருவர் அது விண்ணிலிருந்து விழுந்த உயிரணுவாக இருக்கலாம் என்றனர். அரசாங்கம் அதற்கு முன்னமே ஆராயச் செய்திருந்தது. அந்நாட்டு மரங்களிலும் பாறைகளிலும் வளரும் ஒருவகைப் பாசியின் வித்துக்களே அவை என்று கண்டனர். முதற் செய்தியைக் கைப்பேசியிற் பரப்பியவர் ஆயிரம் பேர். இரண்டாவதைப் பரப்பியவரைக் காணோம்.

நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி நான்கினுள் ஒன்று. நம் பிள்ளை விஞ்ஞானத்தை ஆங்கிலத்திற் படிக்கிறது; ஜாதகத்தைத் தமிழிற் கேட்கிறது. ‘மார்ஸ்’ என்றால் அதற்கு ஒரு கோள். ‘செவ்வாய்’ என்றால் ஒரு பயம். இரண்டும் ஒன்றே என்று வீட்டில் உட்கார்ந்து சொல்லவேண்டியவர் ஆங்கிலங் கற்ற பெற்றோர். அவர்களோ கம்ப்யூட்டரில் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஓலை போய் இயந்திரம் வந்ததாம், முன்னேற்றமாம்!

வானத்தையாவது பார்க்கிறார்களா? இரவு வெளிச்சத்தால் வானம் மறைந்த நாடுகளுள் சிங்கப்பூரே முதலிடம் என்று 2016இல் உலக வானப்படம் வரைந்தவர்கள் எழுதினார்கள். தீபாவளி அலங்கார விளக்குகளின் கீழ் நின்று தென்சிலுவையைத் தேடுவது வீண். எனினும் செவ்வாய் அவ்வளவு கூச்சமுடையதன்று. நெருங்கிவரும் மாதங்களில் அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்திலிருந்தே செந்நிறப் பொட்டாகத் தெரியும்.

ஆகவே, பெண் பார்க்க வந்து ஜாதகம் கேட்கும் சம்பந்தியாரைப் பெண்ணைப் பெற்றவர் தாழ்வாரத்துக்கு அழைத்துச் செல்க. “ஐயா, இன்று செவ்வாய் எங்கே நிற்கிறது, இரவில் தெரியுமா தெரியாதா, காட்டுங்கள்” என்க. அவர் கைநீட்டிக் காட்டட்டும். காட்டிய பின் ஜாதகத்தை எடுத்துக் கொடுக்கலாம்.