டாங்கியும் தறியும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ராணுவத்தில் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். "நல்லா இருக்கியா கண்ணு?" என்றேன். "என்னங்க டீச்சர்?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். பல்லடம் பக்கம் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். இரண்டு பேரும் மாறி மாறி "என்னது? என்னது?" என்று கேட்டுக்கொண்டதைப் பார்த்துப் பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது முதல் இன்றைய அர்ஜுன் வரை நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்ஜின் சத்தம் ஒரு பக்கம். இரும்புப் பட்டை பல்சக்கரத்தில் மோதி மோதி, கவசக் கூடு முழுவதும் அதிரும். ஓடும் டாங்கிக்குள் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும்.

வகுப்பில் போட்ட கணக்கு மாதிரி பாருங்கள். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-ல் கால் மணி நேரம்தான். உள்காதில் உள்ள நுண்ணிய முடிச் செல்கள் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. முதலில் கேட்காமல் போவது கீச்சுக் குரல்கள். பேத்தி பேசுவது தாத்தாவுக்குப் புரியாதது அதனால்தான்.

டாங்கி வீரருக்காவது காதை மூடும் தலைக்கவசம் உண்டு. அப்படியும் இந்த நிலைமை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் மிக அதிகமாக இழப்பீடு பெறும் குறையே காதிரைச்சல்தான்.

நம் தறிக்காரருக்கு என்ன இருக்கிறது? காதில் கொஞ்சம் பஞ்சு. 90 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. 12 மணி நேரம் ஷிப்ட் ஓடும் சின்னச் சின்னத் தறிக் குடோனில் யார் அளந்து பார்க்கிறார்கள்?

என்னிடம் படித்தவர்களில் கம்பெனி வைத்தவர்களும் தறி போட்டவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். காதடைப்பான் ஒரு டீ, வடைச் செலவுதான். வாங்கிக் கொடுத்து, போடவும் வையுங்கள். வருஷம் ஒருமுறை வேலையாட்களுக்குக் காது பரிசோதனை செய்யுங்கள்.

"கவனிக்கலையா?" என்று உங்களில் பல பேர் காதைத் திருகியிருக்கிறேன். இப்போது அதே காதுகளைக் காப்பாற்றச் சொல்கிறேன். இதையாவது கவனியுங்கள்.